எதிரியின் செயற்கைக்கோளை இதுவரை யாரும் சுடாதது ஏன்?

கேள்வி இதுதான்: அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளும் ஏவுகணையால் செயற்கைக்கோளை அடித்துக் காட்டிவிட்டன. ஆனாலும் இதுவரை எந்தப் போரிலும் எதிரியின் செயற்கைக்கோளை யாரும் சுட்டு வீழ்த்தவில்லை. ஏன்? நாளைக்கே பெரிய போர் மூண்டால் சுட்டுவிடுவார்களா? அப்போது நம் போனில் இருக்கும் ஜிபிஎஸ் நின்றுபோகுமா?

சுருக்கமான பதில்: சுட்டால் சுட்டவருக்கும் சேர்ந்தே அடி விழும். அதோடு, சுடாமலேயே அந்த வேலையை முடிக்க வேறு வழிகள் வந்துவிட்டன. இந்த இரண்டையும் விரிவாகப் பார்த்தால்தான் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று பிடிபடும். ஏவுகணையைவிட, சத்தமில்லாமல் நடக்கும் மற்றவைதான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

முதலில், அடிப்பது எப்படி என்று பார்ப்போம். செயற்கைக்கோளை ஒளித்து வைப்பது மிகக் கடினம். தாழ்வான பாதையில் இருக்கும் ஒன்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றி வரும். ரேடாரில் சில நாள் கவனித்தாலே, நாளை எத்தனை மணிக்கு எந்த இடத்துக்கு மேலே வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அடிக்கப் போகும் ஏவுகணை சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டிய தேவையும் இல்லை. சரியான நேரத்தில் சரியான உயரத்துக்கு எகிறி, செயற்கைக்கோள் வரும் வழியில் குறுக்கே போய் நின்றால் போதும். மிச்சத்தைச் செயற்கைக்கோளின் வேகமே பார்த்துக்கொள்ளும்.

இந்தியா 2019 மார்ச் 27 அன்று செய்த ‘மிஷன் சக்தி’ சோதனை இந்த வகைதான். இலக்கு, அதற்கு இரண்டு மாதம் முன்பு பிஎஸ்எல்வி-சி44 ராக்கெட்டில் அனுப்பிய 740 கிலோ எடையுள்ள மைக்ரோசாட்-ஆர். சுமார் 283 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒடிசா கடலோரத்தில் அப்துல் கலாம் தீவிலிருந்து இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஏவுகணை கிளம்பியது. சுமார் 3 நிமிடத்தில் வேலை முடிந்தது. சொல்லும்போது எளிதாகத் தெரியும். ஆனால் இரண்டும் நெருங்கும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலே 100 மீட்டர் தள்ளிப் போய்விடும். இலக்கோ ஓரிரு மீட்டர் அளவுதான். அதனால் ஏவுகணையின் முனையில் இருக்கும் அகச்சிவப்புக் கண், கடைசி நொடிகளில் செயற்கைக்கோளின் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டு உந்திகள் பாதையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். வெடிமருந்து எதுவும் தேவையில்லை. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் 1 கிலோ உலோகத்தின் ஆற்றல் 5 கோடி ஜூல், அதாவது கிட்டத்தட்ட 12 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்ததற்குச் சமம்.

சரி, அடித்தாகிவிட்டது. அப்புறம் என்ன ஆகிறது?

விமானத்தைச் சுட்டால் அது கீழே விழும். செயற்கைக்கோளைச் சுட்டால் விழாது. நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான துண்டுகளாக உடைந்து, அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மோதலின் அதிர்ச்சியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு திசையில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. தாழ்வான பாதையில் ஒரு பொருளின் வேகம் அது போகும் திசையில் நொடிக்கு 1 மீட்டர் கூடினால், பூமிக்கு மறுபக்கம் அதன் உயரம் சுமார் மூன்றரை கிலோமீட்டர் கூடும். நொடிக்கு 200 மீட்டர் கூடுதலாகக் கிடைத்த துண்டு, 283 கிலோமீட்டரில் உடைந்திருந்தாலும் மறுபக்கத்தில் 900 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மிஷன் சக்தியில் இதுதான் நடந்தது. வேண்டுமென்றே தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், 45 நாளில் துண்டுகள் விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்ததும் உண்மை. ஆனால் சுமார் 400 கிலோமீட்டரில் இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் மேலே 24 துண்டுகள் போய்விட்டதாக நாசாவின் அப்போதைய தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன் சில நாளிலேயே சொன்னார். சில துண்டுகள் ஓராண்டுக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தன. இருக்கும் சோதனைகளில் பொறுப்போடு செய்யப்பட்டவற்றில் இது ஒன்று என்றே நான் நினைக்கிறேன். அதற்கே இவ்வளவு.

பொறுப்பில்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஜனவரி 11 போதும். சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளான ஃபெங்யுன்-1சியை சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் அடித்தது. ரேடாரில் பின்தொடரக்கூடிய அளவுள்ள துண்டுகள் மட்டும் 3,000-க்கு மேல். அந்த உயரத்தில் காற்று கிட்டத்தட்ட இல்லை. அதனால் இழுத்துக் கீழே கொண்டுவர எதுவும் இல்லை. பெரும்பகுதி இன்றும் அங்கேதான் சுற்றுகிறது, இன்னும் பல பத்தாண்டுகள் சுற்றும். பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் விரும்பும் உயரமும் ஏறக்குறைய அதுவேதான். சீனாவின் சொந்தச் செயற்கைக்கோள்களும் அங்கேதான் பறக்கின்றன.

ரஷ்யா 2021 நவம்பர் 15 அன்று, 1982-ல் ஏவப்பட்ட காஸ்மோஸ் 1408-ஐ சுமார் 480 கிலோமீட்டரில் உடைத்தது. 1,500-க்கு மேற்பட்ட துண்டுகள். விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் அன்று தங்கள் விண்கலங்களுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ரஷ்யர்கள். எனக்கு இந்த ஒரு காட்சியே கேள்விக்கு முழுப் பதில். தன் நாட்டு ஏவுகணையிலிருந்து தப்பிக்கத் தன் நாட்டு விண்வெளி வீரர்களே ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அந்தத் துண்டுகளில் ஒன்று சீனாவின் ஓர் ஆய்வுச் செயற்கைக்கோளுக்கு வெறும் 14.5 மீட்டர் பக்கத்தில் கடந்து போனதாகச் சீனாவே அறிவித்தது.

குப்பை மேலும் குப்பையை உண்டாக்கும் என்பதும் இதில் சேர்த்தி. நாசாவின் டொனால்ட் கெஸ்லர் இதை 1978-லேயே கணக்கிட்டுக் காட்டினார்: ஓர் உயரத்தில் துண்டுகள் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அவை மோதி உண்டாகும் புதிய துண்டுகள், பழையவை விழும் வேகத்தைவிட வேகமாகப் பெருகும். 2009 பிப்ரவரி 10 அன்று வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளும், ரஷ்யாவின் செத்துப்போன காஸ்மோஸ் 2251-ம் சைபீரியாவுக்கு மேலே தற்செயலாக மோதிக்கொண்டன. யாரும் யாரையும் குறிவைக்கவில்லை, ஆனாலும் 2,000 துண்டுகள் போலக் கிளம்பின.

இந்த ஆசை புதிதல்ல. முதல் செயற்கைக்கோள் 1957-ல் போனது; 1959-லேயே அமெரிக்கா ‘போல்ட் ஓரியன்’ என்ற ஏவுகணையை விமானத்திலிருந்து வீசி, எக்ஸ்புளோரர் 6 என்ற தன் செயற்கைக்கோளுக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டியது. சோவியத் யூனியன் வேறு வழியில் போனது: எதிரியின் பாதையிலேயே ஒரு ‘வேட்டைச் செயற்கைக்கோளை’ ஏற்றி, பக்கத்தில் போய் வெடிக்கவைத்துத் துண்டுகளால் தாக்குவது. 1968-லிருந்து 1982 வரை இதைச் சோதித்தார்கள். 1985 செப்டம்பரில் அமெரிக்க எஃப்-15 விமானம் ஒன்று செங்குத்தாக ஏறி ஏவுகணையை விட்டு, சோல்விண்ட் என்ற சூரிய ஆய்வுச் செயற்கைக்கோளை உடைத்தது. அப்போதும் அறிவியல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த செயற்கைக்கோள் அது. அதன் துண்டுகள் முழுக்க விழ 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2008 பிப்ரவரியில் கட்டுப்பாடு இழந்த தங்கள் உளவுச் செயற்கைக்கோள் ஒன்றை ‘லேக் எரி’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து அடித்தார்கள். நச்சு எரிபொருள் ஊர்களில் விழாமல் இருக்க என்று காரணம் சொன்னார்கள். சீனாவின் சோதனைக்கு 13 மாதம் கழித்து நடந்ததால், பலரும் அதைப் பதிலடியாகவே பார்த்தார்கள்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் இந்த ஆயுதத்தை விடமாட்டேன் என்கிறார்கள்? 1991 வளைகுடாப் போரைப் பார்த்துவிட்டுத்தான். அடையாளம் எதுவும் இல்லாத பாலைவனத்தில் அமெரிக்கப் படை ஜிபிஎஸ் வைத்து வழி கண்டுபிடித்தது. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை கிளம்பும் வெப்பத்தை மேலே இருந்த செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னது. அந்தப் படையின் கண்ணும் காதும் வானத்தில் இருக்கின்றன என்பதைச் சீனாவும் ரஷ்யாவும் கூர்ந்து கவனித்தன. கப்பலுக்குக் கப்பல், விமானத்துக்கு விமானம் என்று போட்டி போடுவதைவிட அந்தக் கண்ணைக் குத்துவது மலிவு. அந்தக் கணக்கு அன்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது சீனப் படையும் செயற்கைக்கோள்களை நம்பித்தான் இருக்கிறது. கண்ணாடி வீட்டில் இப்போது எல்லோரும் குடியிருக்கிறார்கள்.

இனி சத்தமில்லாத வழிகளுக்கு வருவோம். எனக்கு முக்கியமாகத் தெரியும் உதாரணம் 2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் வலைப்பின்னலைப் பயன்படுத்தியவர்களுக்கு இணையம் அறுந்தது. உக்ரைன் ராணுவமும் அதைப் பயன்படுத்தியது. தாக்கியவர்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் செயற்கைக்கோளைத் தொடவே இல்லை. தரையில் இருக்கும் நிர்வாக வலைப்பின்னலுக்குள் புகுந்து, அங்கிருந்து வாடிக்கையாளர்களின் மோடம்களுக்கு ஒரு கட்டளை அனுப்பினார்கள். மோடமின் நினைவகம் அழிந்தது. பல்லாயிரக்கணக்கான மோடம்கள் ஒரே காலையில் உயிரற்ற பெட்டிகளாயின. ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதி போனது. அவற்றுக்கும் போருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு துண்டுக் குப்பைகூட உருவாகவில்லை. செய்தது ரஷ்யா என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் பகிரங்கமாகச் சொல்ல மே மாதம் ஆயிற்று. இப்படி ஒரு வழி இருக்கும்போது ஏவுகணையை எதற்குத் தொட வேண்டும்?

இன்னொரு வழி ஜாமிங். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது நம்பமுடியாத அளவுக்கு மெலிந்திருக்கும். அதனால் அதே அலைவரிசையில் பக்கத்திலிருந்து சத்தம் போடும் சின்னக் கருவிகூட அதை மூழ்கடித்துவிடும். இதைவிட நயமானது ஸ்பூஃபிங். உண்மையான சிக்னல் போலவே பொய்யான ஒன்றை அனுப்பி, ரிசீவரை வேறு இடத்தில் இருப்பதாக நம்பவைப்பது. கருங்கடல், பால்டிக், கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் பறக்கும் விமானிகளுக்கு இவை இரண்டும் இப்போது பழகிப்போன தொல்லை. இவற்றோடு, உளவுக் கேமராவின் கண்ணைக் கூசவைக்கும் லேசர்களும் உண்டு. மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கு எதுவும் ஆகாது. போர் முடிந்தால் பொத்தானை அணைத்துவிடலாம். நிரூபிப்பதும் கஷ்டம், பதிலடி கொடுப்பதும் கஷ்டம். ராணுவங்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது: ஒட்டி உரசிப் பறக்கும் செயற்கைக்கோள்கள். 2014-ல் ஏவப்பட்ட ரஷ்யாவின் லூச், பூமியோடு சேர்ந்தே சுழலும் புவிநிலைப் பாதையில் இடம் மாறி மாறி, மற்றவர்களின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. 2020 தொடக்கத்தில் காஸ்மோஸ் 2542 ஓர் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளின் பாதைக்கு ஏற்பத் தன் பாதையை மாற்றிக்கொண்டது. அதன் வயிற்றிலிருந்து வந்த காஸ்மோஸ் 2543, அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு பொருளை வேகமாக வெளியே எறிந்தது; ஆயுதச் சோதனை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்ல, ரஷ்யா மறுத்தது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செயலிழந்த ஒரு பெய்டோ (சீனாவின் ஜிபிஎஸ் போன்ற அமைப்பு) செயற்கைக்கோளைப் பிடித்து இழுத்து, ஒதுக்குப்புறமான பாதையில் கொண்டுபோய் விட்டது. பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை, குப்பை அகற்ற இதுதான் தேவை. ஆனால் செத்ததைப் பிடிக்கும் கை உயிரோடு இருப்பதையும் பிடிக்கும். அமெரிக்காவும் சும்மா இல்லை. 2014 முதல் அதன் ஜிஎஸ்எஸ்ஏபி செயற்கைக்கோள்கள் மற்றவர்களுடையதை நெருங்கிப் போய்ப் பார்த்து வருகின்றன. ஆயுதமா, கருவியா என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் வந்தவனின் நோக்கத்தை ஊகிக்க மட்டும்தான் முடியும். அந்த ஊகம் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் பயம்.

முக்கியமாக, அணு ஏவுகணை கிளம்புவதைப் பார்த்து எச்சரிக்கும் செயற்கைக்கோள்கள் உண்டு. இதே செயற்கைக்கோள்கள் சாதாரணப் போரிலும் சாதாரண ஏவுகணைகளைக் கண்டுபிடிக்கப் பயன்படுகின்றன. அதனால் எதிரிக்கு அவற்றைக் குருடாக்கும் ஆசை வரலாம். குருடாக்கப்பட்டவரோ, அணுகுண்டு வரப்போகிறது, அதற்கு முன் நம் கண்ணைக் கட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோளாறுகூட அப்படித் தோன்றலாம். விண்வெளிப் போட்டியிலேயே ஆபத்து மிகுந்த முடிச்சு இதுதான் என்பது என் கருத்து.

அணு ஆயுதம் என்றதும் 1962 ஜூலை 9 நினைவுக்கு வர வேண்டும். பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. அதற்குப் பெயர் ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’. 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. கதிர்வீச்சுத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றின. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல் 1 பழுதானது. மறுநாள்தான் ஏவப்பட்ட தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் டெல்ஸ்டார் 1, சில மாதங்களில் செயலிழந்தது. குண்டு வைத்தவரின் செயற்கைக்கோள், நட்பு நாட்டுடையது, எதிரியுடையது என்று அந்தக் கதிர்வீச்சு வேறுபாடு பார்க்கவில்லை. அன்று மேலே இருந்தவை சில டஜன் மட்டுமே. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில், ரஷ்யா சுற்றுப்பாதையில் வைக்கக்கூடிய அணு ஆயுதம் ஒன்றை உருவாக்கி வருவதாக அமெரிக்கா சொன்னது. ரஷ்யா மறுத்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், விண்வெளியில் அணு ஆயுதம் வைக்கக்கூடாது என்ற கடமையை மீண்டும் உறுதிசெய்யும் தீர்மானம் ஐநா பாதுகாப்பு மன்றத்துக்கு வந்தபோது, 13 நாடுகள் ஆதரிக்க, சீனா ஒதுங்கி நிற்க, ரஷ்யா வீட்டோ போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967 விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதம் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைக்கத் தடை விதிக்கிறது. சாதாரண ஆயுதத்தைப் பற்றியோ, தரையிலிருந்து சுடுவதைப் பற்றியோ அதில் தடை இல்லை. ரஷ்யாவும் சீனாவும் 2008-ல் ஒரு வரைவு கொண்டுவந்தன. அது மேலே ஆயுதம் வைப்பதைத் தடுக்கும், ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தரை ஏவுகணைகளைத் தயாரித்துக் குவிப்பதைத் தடுக்காது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. 2022 ஏப்ரலில், இனி செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைக்கும் சோதனை செய்யமாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐநா பொதுச்சபையில் இதே கருத்துள்ள தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவு. ரஷ்யா, சீனா உட்பட 9 எதிர்ப்பு. 9 நாடுகள் நடுநிலை வகித்தன. அந்த ஒன்பதில் இந்தியாவும் ஒன்று.

இந்தியா ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் புரிகிறது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில், முதலில் சோதித்தவர்கள் உள்ளே, பிந்தியவர்கள் வெளியே என்று கோடு கிழித்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும், வெறும் வாக்குறுதி போதாது என்பதும் நியாயமான வாதம். ஆனால் இந்த முறை இந்தியா கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது. சோதித்தாகிவிட்டது, திறமையைக் காட்டியாகிவிட்டது. இன்னொரு முறை உடைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. சோதனை செய்யமாட்டோம் என்று சொல்வதால் ஏவுகணை கையை விட்டுப் போகாது. இந்தியா சேர வேண்டும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். சேர்ந்தால், சோதித்த நான்கு நாடுகளில் ரஷ்யாவும் சீனாவும் மட்டும் தனியாக நிற்கும்.

பெரிய போர் வந்தால் சுட்டுவிடுவார்களா என்ற கேள்விக்கு: சுடலாம், ஆனால் முதலில் நடப்பது அதுவாக இருக்காது. இணையம் தரும் ஸ்டார்லிங்க் மாதிரி ஆயிரக்கணக்கில் பறக்கும் செயற்கைக்கோள் வலைப்பின்னல்கள் வந்தபிறகு ஒரு ஏவுகணைக்கு ஒரு செயற்கைக்கோள் என்ற கணக்கே கட்டுப்படியாகாது. ஒன்றை உடைத்தால் பக்கத்தில் இருப்பது வேலையை எடுத்துக்கொள்ளும். இதனால் வேறொரு கோடு அழிந்திருக்கிறது. போரில் பயன்படும் தனியார் செயற்கைக்கோள்களும் பதிலடிக்குரிய இலக்காகலாம் என்று 2022 அக்டோபரில் ஐநாவிலேயே ரஷ்ய அதிகாரி ஒருவர் சொன்னார். ஒரே செயற்கைக்கோள் ஒரு பக்கம் மருத்துவமனைக்கும் மறுபக்கம் பீரங்கிப் படைக்கும் இணையம் கொடுக்கும்போது, அதைச் சுடுவது எந்தச் சட்டத்தில் சேரும் என்பதற்கு இன்னும் ஒத்துக்கொண்ட பதில் இல்லை.

கடைசியாக, உங்கள் போன். ஜிபிஎஸ் முழுவதையும் ஒழிப்பது மிகக் கடினம். சுமார் 30 செயற்கைக்கோள்கள், 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு சுற்றுப்பாதைத் தளங்களில் பரவி இருக்கின்றன. பெரும்பாலான புதிய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. ஆனால் நீங்கள் இருக்கும் வட்டாரத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஜாம் செய்துவிட முடியும். அப்போது மேப்பைவிட முக்கியமானது நேரம்: செல்போன் கோபுரங்களும் மின்கட்டமைப்பும் நொடியின் மிக நுண்ணிய பகுதிவரை ஒத்துப்போக இந்தச் சிக்னலைத்தான் நம்புகின்றன. மாற்றுக் கடிகாரமும் தரைவழி அமைப்பும் வைத்திருக்கும் நாடு சமாளிக்கும். எஸ்டோனியாவின் டார்ட்டு விமான நிலையத்தில் இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸையே நம்பி இருந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் ஜாமிங்கால் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவன விமானங்கள் இறங்க முடியாமல் திரும்ப, அந்தச் சேவையையே ஒரு மாதம் நிறுத்தினார்கள். ஜிபிஎஸ் தேவைப்படாத வேறு இறங்கும் முறையை ஏற்பாடு செய்தபிறகு ஜூனில் மீண்டும் தொடங்கினார்கள்.